கை அறியாத சொல் நிலைக்காது!

நூறு கலைச்சொற்களை ஒரே மூச்சில் அடுக்கவல்லார் நம்மிடை உளர். அச்சொற்கள் குறிக்கும் பொருள்களுள் ஒன்றையேனும் கையால் தொட்டு, கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தவர் எத்துணையர்? இவ்வினாவைப் பிறர்மேல் தொடுக்குமுன் என்மேலேயே தொடுத்துக்கொண்டேன். கிடைத்த விடை நாணத்தக்கதாக இருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்த் தமிழ்மன்றத்தில் ஒரு மாலைக் கூட்டம். மறைந்த புலவர் ஒருவர் பல்லாண்டுகட்கு முன் ஆற்றிய சொற்பொழிவு, பழைய ஒலிநாடாவினின்றும் கணினிக்கு மாற்றப்பெற்றிருந்தது. அதனைக் கேட்க நாற்பதின்மர் வந்திருந்தனர். எண்பது அகவை கடந்த அவர்தம் துணைவியார், கணவரின் குரலை மீண்டும் ஒருமுறை கேட்கும் விழைவோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கணினி இருந்தது, புதிதாக வாங்கிய ஒலிபெருக்கி இணையும் இருந்தது, குரல்தான் எழவில்லை.

மேடையில் நாங்கள் மூவர் நின்றோம். ஒருவர், 'ஒலி' என்னும் சொல்லின் வேரினை ஒரு மணி நேரம் விரித்துரைக்க வல்லவர். மற்றொருவர், கணினித்தமிழ் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர். மூன்றாமவன் நான். செருகியை எத்துளையிற் செருகுவது என்பதை மூவரும் அறிந்திலேம். இளஞ்சிவப்புத் துளையிற் செருகிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரைமணி கழிந்தது, சிலர் எழுந்து சென்றனர். அப்போது, மன்றத்தைப் பெருக்கித் தூய்மை செய்யும் அம்மையின் மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, மெல்ல அருகில் வந்து, "பச்சைக்குப் பச்சை, ஐயா" என்றாள். செருகியைப் பிடுங்கிப் பச்சைத் துளையில் அழுத்தினாள். ஒலிபெருக்கியின் பின்புறத்துச் சொடுக்கியைத் தட்டினாள். புலவரின் குரல் எழுந்தது. அம்மையார் கண்ணீர் உகுத்தார். எனக்கோ தலை நிமிரவில்லை.

அன்பர்களே! இதனை நகைப்புக்காக எழுதவில்லை. "தமிழால் இயலாதது யாது?" என்று மேடைதோறும் முழங்குகிறோம். தமிழால் இயலும், ஐயமில்லை. ஆனால் தமிழரால் இயல வேண்டுமே! மொழி தானே சென்று செருகியைச் செருகாது.

செய்தி எளிது, அதனைத் தமிழிற் சொல்வதும் எளிது. இதோ, சொல்லிக் காட்டுவேன்.

மேசைக்கணினியின் பின்புறத்தில் வட்டத் துளைகள் சில வரிசையாக இருக்கும். பச்சைத் துளை ஒலியை வெளியே தருவது. இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கியின் ஒலியை உள்ளே பெறுவது. இளநீலத் துளை பிற கருவிகளின் ஒலியை உள்ளே பெறுவது. இந்நிறமுறை, இன்டெல், மைக்ரோசாப்ட்டு ஆகிய இரு நிறுவனங்களும் வகுத்த 'பிசி 99' என்னும் வரையறையால் பரவியது. நாங்கள் செய்த பிழை இப்போது விளங்கும்: வாங்கும் வாயில், தரும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

செருகியை உற்று நோக்குக. அதன் தடிமன் 3.5 மி.மீ. அதன்மேல் இரண்டு கருங்கோடுகள் அதனை மூன்று கூறாகப் பகுக்கும். நுனி இடப்பக்க ஒலிக்கு. நடு வளையம் வலப்பக்க ஒலிக்கு. அடியிலுள்ள உறை இரண்டிற்கும் பொதுவான மீள்வழிக்கு. மூன்று கோடுகள் இருப்பின் கூறுகள் நான்காம். நான்காவது கூறு ஒலிவாங்கிக்கு உரியது. மடிக்கணினிகள் பலவற்றில் ஒரே துளை இருப்பது இதனாலேதான். செருகி முழுதும் உட்செல்லாது அரைகுறையாக நின்றால், கூறுகள் இடம் மாறித் தொடும். ஒலி ஒருபுறம் மட்டும் எழும், அல்லது எழாமலே போகும். ஆதலின் 'சொடக்'கென்னும் ஓசை கேட்கும்வரை அழுத்துக.

அடுத்து, ஒலிபெருக்கிக்குத் தனியே மின்னூட்டம் வேண்டும். சில சுவர்முனையிலிருந்து பெறும். சில கணினியின் யூ.எசு.பி. துளையிலிருந்து 5 வோல்ட்டு பெறும். பின்னவற்றுட் பல, ஆற்றலை மட்டுமே அத்துளை வழியாகக் கொள்வன. ஒலிக்கென வேறு கம்பி உண்டு. அதனைச் செருகாமல் "விளக்கு எரிகிறது, ஒலி வரவில்லையே" என்று வருந்துவார் பலர். இரண்டையும் செருகிய பின்னும் ஒலி எழாவிடில், கணினியின் அமைப்பிற் சென்று, ஒலி எவ்வழி வெளியேற வேண்டும் என்பதைப் பார்க்க. எச்.டி.எம்.ஐ. கம்பியால் திரையை இணைத்திருப்பின், ஒலி அத்திரைக்கே ஓடியிருத்தல் கூடும். ஓயாத 'உம்ம்' என்னும் இரைச்சல் கேட்பின், கணினியையும் ஒலிபெருக்கியையும் ஒரே மின்பலகையில் இணைத்துப் பார்க்க. வெவ்வேறு இடத்து நிலவிணைப்புகளுக்கு இடையே ஓடும் மின்னோட்டம் அதற்குக் கரணியமாக இருக்கலாம். இரைச்சலை நீக்குவான் வேண்டி நிலவிணைப்பு முள்ளை ஒடித்தல் மட்டும் கூடாது. அது உயிர் காக்கும் முள்.

இவ்வளவே! இதில் எச்சொல்லுக்குத் தமிழ் தடுமாறிற்று?

இனி, சொல்லாய்வாளர்க்கு ஒரு சொல். 'இசுபீக்கர்' என்பதற்கு 'ஒலிபெருக்கி' என்று வழங்குகிறோம். பொதுக்கூட்டங்களில் மரத்தின்மேல் கட்டிய கூம்பையும் மக்கள் அப்பெயராலேயே வழங்கினர். ஆனால் அங்கே ஒலிக்குரிய மின்னலையைப் பெருக்கியது கூம்பன்று. மேடையின் கீழிருந்த பெட்டி. கூம்பின் வேலை, பெருகி வந்த மின்னலையைக் காற்றசைவாக மாற்றுவது. இவ்விரண்டு வேலையும் வெவ்வேறு. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செசுட்டர் ரைசு, எட்வர்டு கெல்லாக்கு என்னும் இருவர் வெளியிட்ட அமைப்பே இன்றைய ஒலிக்கருவிகட்கு அடிப்படை. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள்; அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மின்னலை பாய்ந்தால், சுருள் முன்னும் பின்னும் ஆடும், கூம்பு உடன் ஆடும், காற்று அதிரும், ஒலி பிறக்கும். இங்குப் பெருக்கல் எங்கே உள்ளது?

"சொல் எதுவானால் என்ன?" என்பார்க்கு ஒரு நிகழ்ச்சி. என் நண்பர் ஒருவர் பழைய வானொலிப் பெட்டியினின்று கழற்றிய கூம்பு ஒன்றனைக் கணினியின் பச்சைத் துளையில் இணைத்தார். கொசுவின் குரல் போல் ஏதோ கேட்டது. கணினி கெட்டதென்று கருதிப் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிச் சென்றார். கணினி கெடவில்லை, சொல்தான் அவரை ஏமாற்றிற்று. 'ஒலிபெருக்கி' என்று பெயரிருப்பதால், அது தானே பெருக்கும் என்று நம்பிவிட்டார். பச்சைத் துளை தருவது மெல்லிய மின்னலை. அதனைப் பெருக்க ஒரு பெருக்கி இடையில் வேண்டும். கடையில் கணினிக்கென விற்கும் இணைகளில் அப்பெருக்கி உள்ளேயே அமைந்துள்ளது. அதனாலன்றோ அவற்றிற்குத் தனி மின்னூட்டம்!

ஆகலின், பெருக்கியோடு கூடியதை 'ஒலிபெருக்கி' என்றும், பெருக்கியில்லாத வெறுங்கூம்பினை 'ஒலிப்பி' என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் கருத்து. இதனினும் நற்சொல் ஒருவர் தருவாராயின் தலைவணங்கி ஏற்பேன். ஆனால் வேறுபாட்டை மறைக்கும் சொல்லை, வழக்கில் உள்ளதென்பதற்காக மட்டும் போற்றேன். இவ்வேறுபாட்டை அகரமுதலி எனக்குக் கற்றுத்தரவில்லை. ஒரு கூம்பும் இரண்டு கம்பியுமே கற்றுத்தந்தன. 'ஒலிவாங்கி' என்னும் சொல்லைப் பாருங்கள்! வாங்குவது எதுவோ அது வாங்கி. தொழிலை அறிந்தார் வைத்த பெயர் அது. அதனாலேயே மயக்கமின்றி நிற்கிறது.

"நிறமே வழிகாட்டும்போது எழுத்து எதற்கு? மொழி எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. நிறம் நல்ல துணைதான். அச்சிறுமிக்கு வழிகாட்டியதும் அதுவே. ஆனால் சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண்ணுடையார் உள்ளனர். அவர்க்கு நிறம் உதவாது. மடிக்கணினியின் துளைக்குப் பெரும்பாலும் நிறமே இல்லை. பழுது நேர்ந்தால் எது ஏன் கெட்டது என்பதை நிறம் விளக்காது. "பச்சைக்குப் பச்சை" என்பது செய்யக் கற்றுத்தரும், "பச்சை ஏன்?" என்பதை மொழியன்றி எது கற்றுத்தரும்? அம்மொழி தாய்மொழியாக இல்லையெனில், நம் பிள்ளைகள் செருகத் தெரிந்தவராக மட்டும் நின்றுவிடுவர். செய்யத் தெரிந்தவராக வளரார்.

செய்யத் தெரிந்தவர் வளர்ந்த கதை ஒன்று, தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரிலேயே உண்டு. முன்னைய கணினிகள் பல 'கீச்' என்று கத்தும் அளவிலேயே நின்றன. 1981இல் சிம் வோங் ஊ என்பவர் அந்நகரில் கணினி பழுதுபார்க்கும் சிறுகடை ஒன்று தொடங்கினார். அதுவே கிரியேட்டிவ் நிறுவனமாக வளர்ந்து, 1989இல் 'சவுண்டு பிளாசுட்டர்' என்னும் ஒலியட்டையை வெளியிட்டது. அதற்கு முன்னரும் ஒலியட்டை செய்தார் உளர். எனினும் உலகெங்கும் கணினிகளைப் பேசவும் பாடவும் வைத்ததில் பெரும்பங்கு இவ்வட்டையினது. பழுது பார்த்த கையே படைத்த கையும் ஆயிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

இன்னொன்றும் எண்ணுக. 2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய கைப்பேசியினின்று இவ்வட்டத் துளையை நீக்கிற்று, பிறரும் பின்பற்றினர். கம்பியில்லாக் கருவிகள் வசதியானவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் மின்கலம் ஓய்ந்தால் கருவியும் ஓயும். உள்ளே நிகழ்வது கண்ணுக்குப் புலப்படாது. கம்பியோ, இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று கண்முன் காட்டும். அறுந்தால் ஒட்டலாம். கற்பார்க்கு இதனினும் நல்ல ஆசான் இல்லை. இத்துளை நம் கணினிகளில் உள்ள போதே அதனைக் கொண்டு கற்பிப்போம்.

செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வொரு தமிழ்மன்றமும் திங்களுக்கு ஒருமுறை, சொற்பொழிவுக்கு மாற்றாக ஒரு செய்முறைக் கூட்டம் நடத்துக. அகவை முதிர்ந்தோர் கையிலும் செருகியைக் கொடுக்க. இரண்டாவது, வீட்டிலும் பள்ளியிலும் உள்ள கணினித் துளைகளின் அருகே தமிழ்ச்சொற்களைச் சிறு தாளில் எழுதி ஒட்டுக: 'ஒலி வெளியே', 'ஒலி உள்ளே', 'ஒலிவாங்கி'. மூன்றாவது, கருவி வாங்கும்போது கடைக்காரரிடம் தமிழில் எழுதிய வழிகாட்டித் தாளைக் கேட்க. இல்லையென்பார், மீண்டும் கேட்க. கேட்பார் பெருகினால் தருவார் தோன்றுவர்.

எங்கள் மன்றத்தில் முதற் செய்முறைக் கூட்டம் நடந்துவிட்டது. கற்பித்தவள் அச்சிறுமி. வேர்ச்சொல் அறிந்த புலவரும், கட்டுரை எழுதியவரும், நானும் அவள்முன் மாணவராக அமர்ந்தோம். அவளுக்கு நாங்கள் 'செருகி', 'ஒலிப்பி', 'நிலவிணைப்பு' என்னும் சொற்களைத் தந்தோம். அவள் எங்களுக்கு அவற்றின் பொருளைத் தந்தாள். தமிழ் வளர்வது இவ்வாறுதான். சொல்லுடையாரும் கையுடையாரும் ஒன்று சேர்க!