16 வயதில் வாக்குரிமை: வயதைக் குறைப்பதா, பட்டியலை நிரப்புவதா?

பிரிட்டனில் அடுத்த பொதுத் தேர்தலில் 16, 17 வயதினரும் வாக்களிக்க வழிவகை செய்யப்படும் என்று அந்நாட்டின் தொழிலாளர் கட்சி அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. ஸ்காட்லாந்து, விடுதலை குறித்த 2014-ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பிலேயே இவ்வயதினரை வாக்குச்சாவடிக்கு அழைத்துவிட்டது. ஆஸ்திரியா 2007-இல் தேசியத் தேர்தலுக்கான வயதையே 16 ஆக்கியது. பிரேசிலில் 1988 முதல் 16, 17 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம். 18 நிறைந்துவிட்டால் அது கட்டாயம். இந்த வரிசையில் இந்தியாவும் சேர வேண்டுமா என்ற கேள்வி இங்கும் எழுந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் அதற்கு முன் வேறொரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 18 வயதில் கிடைக்கும் உரிமையே நம் இளைஞர்களில் எத்தனை பேரின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது?

2024 மக்களவைத் தேர்தலின்போது நாட்டின் மொத்த வாக்காளர்கள் ஏறத்தாழ 96.8 கோடி. அவர்களில் 18, 19 வயதினர் 1.8 கோடியைச் சற்றே தாண்டினர். மக்கள்தொகைக் கணிப்புகளின்படி நாட்டில் அவ்வயதினர் 4.9 கோடி அளவில் இருந்தனர். அதாவது, தகுதி பெற்றோரில் பத்துக்கு நால்வர்கூடப் பட்டியலில் இல்லை. தெலங்கானாவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பதிவு செய்திருந்தனர். பிகாரில் ஐந்தில் ஒரு பங்குகூட எட்டவில்லை. இரு மாநிலங்களுக்கும் சட்டம் ஒன்றே, படிவம் ஒன்றே. வேறுபாடு, இளைஞரைத் தேடிச் சென்று பெயர் சேர்க்கும் நடைமுறையில்தான் இருக்கிறது.

1988-இன் பாடம்

வாக்குரிமை வயது இந்தியாவில் ஒரே ஒரு முறைதான் குறைக்கப்பட்டிருக்கிறது. அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு தொடக்கத்தில் 21 வயதை வரையறுத்திருந்தது. ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 61-ஆவது திருத்தம் 1988 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1989 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. இளைஞர்கள் கல்வியும் அரசியல் விழிப்பும் பெற்றவர்கள், அவர்களின் உணர்வுகளுக்கு வடிகால் வேண்டும் என்பது அன்று கூறப்பட்ட காரணம். அந்த மசோதாவின் நோக்க உரையில் இன்னொரு வாதமும் இருந்தது. சில மாநிலங்கள் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு ஏற்கெனவே 18 வயதை ஏற்றுக்கொண்டுவிட்டன என்று அது சுட்டிக்காட்டியது. மாற்றம் கீழிருந்து தொடங்கி மேலே சென்றிருக்கிறது என்பதே அதன் பொருள். இன்றைய விவாதத்தில் இதை யாரும் நினைவுகூர்வதில்லை.

வயதைக் குறைக்கும் ஆளுங்கட்சிக்குப் புதிய வாக்காளர்கள் கடன்பட்டுவிடுவார்கள் என்ற ஐயம் எல்லா நாடுகளிலும் எழுவது வழக்கம். பிரிட்டனிலும் எழுந்தது. 1984-இல் 400-க்கும் மேற்பட்ட இடங்களை வென்ற காங்கிரஸ், 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்த 1989 பொதுத் தேர்தலில் 197 இடங்களுடன் ஆட்சியை இழந்தது. அந்தத் தோல்விக்குப் போஃபர்ஸ் விவகாரம் உள்ளிட்ட பல காரணங்கள் உண்டு. இளைஞர்களின் வாக்கை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுத்துக் காட்ட இயலாது. எனினும், நன்றிக்கடனை நம்பி வயதைக் குறைக்க நினைக்கும் எந்தக் கட்சிக்கும் அந்த முடிவு உவப்பாக இராது.

வியன்னா சொல்வது

16 வயதை ஆதரிப்போரின் வலுவான சான்று ஆஸ்திரியாவிலிருந்து வருகிறது. தலைநகர் வியன்னாவிலும் கிரெம்ஸ் நகரிலும் வாக்காளர் பட்டியல்களை ஆராய்ந்தபோது, 16, 17 வயதினர் 18 முதல் 20 வயது வரையிலானோரை விட அதிக அளவில் வாக்களித்திருந்தது தெரியவந்தது. ஸ்காட்லாந்துப் பொதுவாக்கெடுப்புக்குப் பின் அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் நடத்திய கருத்துக்கணிப்பிலும், 16, 17 வயதினரில் 75 சதவீதத்தினர் வாக்களித்ததாகக் கூறினர். 18 முதல் 24 வரையிலானோரில் அது 54 சதவீதமே.

இதன் காரணம் எளியது. பதினாறு வயதில் ஒருவர் பெற்றோருடன் சொந்த ஊரில் இருக்கிறார், பள்ளிக்குச் செல்கிறார், ஊரின் சாலையும் குடிநீரும் அவருக்குத் தெரியும். பதினெட்டில் கல்லூரிக்கோ வேலைக்கோ வேறு நகருக்குப் போய்விடுகிறார். முதல் வாக்கு அளிக்க வேண்டிய வயது, மனிதர் இடம்பெயரும் வயதாகவே அமைந்துவிடுகிறது. இந்தியாவுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பெங்களூருவில் படிக்கும் பாட்னா மாணவர், வாக்களிக்க இரண்டு நாள் ரயில் பயணம் செய்ய வேண்டும். அல்லது விடுதி முகவரிக்குப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இடம்பெயர்ந்தோருக்கான தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளின் முன் வைத்தது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை, திட்டம் அங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் ஆஸ்திரிய வாதத்தை அப்படியே இங்கு இறக்குமதி செய்ய முடியாது. அங்கு வயதுக் குறைப்புடன் பள்ளிகளில் குடிமைக் கல்வியும் வலுப்படுத்தப்பட்டது. இங்கு 2021-22 கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புகளின் மொத்தச் சேர்க்கை விகிதம் ஏறத்தாழ 58 சதவீதம். பள்ளியை மையமாக வைத்து வாக்காளர் பதிவை நடத்தினால், பள்ளிக்கு வெளியே இருக்கும் பதின்வயதினர், அதாவது செங்கல் சூளையிலும் வீட்டு வேலையிலும் வயல்களிலும் இருப்போர், மீண்டும் விடுபடுவார்கள்.

எது முதிர்ந்த வயது?

பதினாறு வயதினருக்கு முதிர்ச்சி இல்லை, குடும்பமும் சாதியும் சொல்வதையே கேட்பார்கள் என்பது எதிர்ப்போரின் முதன்மை வாதம். ஏறத்தாழ இதே சொற்களில் பெண்களின் வாக்குரிமையும் எழுத்தறியாதோரின் வாக்குரிமையும் ஒரு காலத்தில் எதிர்க்கப்பட்டன. 1951-52 தேர்தலில் பதிவான 17.3 கோடி வாக்காளர்களில் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறாதவர்கள். அவர்களை நம்பிய குடியரசு இது. குடும்பம் சொல்வதைக் கேட்டு வாக்களிப்போர் நாற்பது வயதிலும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சற்றுக் கூர்மையான எதிர்வாதம், நம் சட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாத எவரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. சமூக ஊடகக் கணக்குக்குத் தந்தையின் அனுமதி வேண்டிய ஒருவர், பிரதமரைத் தீர்மானிக்கும் தேர்தலில் தனியே முடிவெடுக்கலாமா என்று கேட்பது நியாயமே. ஆயினும், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கொடிய குற்றங்களில் 16 முதல் 18 வயது வரையிலானோரின் மனமுதிர்ச்சியை மதிப்பிட்டு, அவர்களைப் பெரியவர்களாகக் கருதி விசாரிக்க வழி வைத்திருக்கிறது. 14 வயது கடந்தவர் அபாயமற்ற தொழில்களில் வேலை செய்யலாம். பதினேழரை வயதில் அக்னிவீரராகச் சேரலாம். தண்டனைக்கும் உழைப்புக்கும் ராணுவத்துக்கும் போதுமான முதிர்ச்சி, வாக்குக்கு மட்டும் போதாது என்று சொல்ல வேண்டுமானால் அதற்கான காரணத்தை அரசு எடுத்துரைக்க வேண்டும். இதுவரை எடுத்துரைத்ததில்லை.

இதனுடன் இன்னோர் அச்சமும் பேசப்படுகிறது. இளையோர் மிகுந்த உத்தரப் பிரதேசம், பிகார் போன்ற மாநிலங்களின் செல்வாக்கு வயதுக் குறைப்பால் கூடிவிடும் என்பது அது. இது பிழையான அச்சம். மக்களவை இடங்கள் மக்கள்தொகையின் அடிப்படையில் ஒதுக்கப்படுகின்றன. வாக்காளர் எண்ணிக்கையின்படி அல்ல.

எங்கிருந்து தொடங்கலாம்

326-ஆவது பிரிவைத் திருத்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். அதற்கான ஒருமித்த கருத்து இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. தேர்தலில் போட்டியிடும் குறைந்தபட்ச வயதை 25-லிருந்து 18-ஆகக் குறைக்கலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் பரிந்துரைத்தபோது, தேர்தல் ஆணையமே அதற்கு உடன்படவில்லை.

ஆனால் 326-ஆவது பிரிவு மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் மட்டுமே உரியது. ஊராட்சி, நகராட்சித் தேர்தல்கள் மாநிலச் சட்டங்களின்கீழ், மாநிலத் தேர்தல் ஆணையங்களால் நடத்தப்படுகின்றன. 1980-களில் சில மாநிலங்கள் செய்ததைப் போல, ஒரு மாநிலம் துணிந்து உள்ளாட்சித் தேர்தலில் 16 வயதைச் சோதித்துப் பார்க்கலாம். பள்ளிக் கழிப்பறை, பேருந்து வசதி, விளையாட்டுத் திடல் ஆகியவை முதலில் பாதிப்பது அவ்வயதினரைத்தான். கர்நாடகத்தில் குழந்தைகளுக்கெனக் கிராம சபைகள் நடைபெறுகின்றன. கேரளத்தில் குடும்பஸ்ரீயின் கீழ் பால சபைகள் இயங்குகின்றன. பேசுவதற்கு இடம் கொடுத்த மாநிலங்கள், வாக்கையும் கொடுத்தால் என்ன நேரும் என்பதை அறிய அவையே பொருத்தமான களங்கள். பெரும்பாலான மாநிலங்களில் உள்ளாட்சிப் பட்டியல் சட்டப்பேரவைப் பட்டியலைத் தழுவியே தயாரிக்கப்படுவதால், தனிப் பட்டியலுக்கான செலவும் உழைப்பும் மட்டும் கூடும்.

இதற்கிடையே, இருக்கும் சட்டத்திலேயே பயன்படாமல் கிடக்கும் வாய்ப்பு ஒன்று உண்டு. முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது. ஜனவரி 2-இல் 18 நிறைந்தவர் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. 2021-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாள்களாயின. 17 வயது நிறைந்தவர் படிவம் 6-ஐ முன்கூட்டியே அளிக்கலாம். 18 நிறைந்ததும் அதற்கடுத்த தகுதி நாளின் அடிப்படையில் பெயர் சேரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழே வயதுச் சான்றாக ஏற்கப்படுகிறது. மேல்நிலைப் பள்ளிகளில் சேர்க்கைப் படிவத்துடன் இதையும் கொடுக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர்களிடம் ஒப்படைக்க அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை. மாவட்டத் தேர்தல் அதிகாரியின் ஒரு சுற்றறிக்கை போதும்.