மகளுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்

ஜொகூர் பாரு

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் இருக்கும் என் சொந்தங்களுக்கும், மலேசியாவில் பெண் கொடுத்திருக்கும், கொடுக்கப்போகும் எல்லா வீட்டாருக்கும்,

வாழ்க்கைப்பட்டு வந்து ஸ்கூடாய்ப் பக்கம் குடியிருப்பவள் நான். எனக்கு மலாய் பேச வரும். அதனால் ஊர்ப்பெண் யாருக்காவது புருஷனோடு ஒத்துவரவில்லை என்றால், பதிவு இலாகாவுக்கும் லாயர் ஆபீசுக்கும் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். அப்போதெல்லாம் ஊரிலிருந்து ஒரே மாதிரி போன் வருகிறது: "கோர்ட்டு கேஸெல்லாம் வேணாம் தாயி. டிக்கெட் போடுறோம், கிளம்பி வந்துரு. மத்ததை இங்கேருந்து பாத்துக்கலாம்."

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த டிக்கெட் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரிந்தால் அவசரப்பட மாட்டீர்கள்.

இங்கே முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்துக்கும் விவாகரத்துக்கும் 1976-இல் இயற்றிய ஒரு சட்டம் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதிராம்பட்டினத்து முஸ்லிம் உறவுகளுக்கு வழி வேறு, அவர்கள் போவது ஷரியா நீதிமன்றம். மற்றவர்கள் நம் ஊர் போலக் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போவதில்லை. வழக்கு நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ஜொகூர் மாநிலத்தில் அது ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் இருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாமல் மனுப் போட முடியாது. அசாதாரணமான கொடுமை என்று நீதிபதியிடம் காட்டினால் மட்டும் விலக்கு உண்டு.

இருவரும் மனமொத்துப் பிரிந்தால் வேலை சுலபம். பிள்ளைகள் யாரிடம், செலவுக்கு எவ்வளவு, வீடு யாருக்கு என்று பேசி எழுதிக் கூட்டு மனுவாகப் போடலாம். ஒருவர் மட்டும் கேட்டால்தான் நடை அதிகம். அவர் முதலில் தேசியப் பதிவு இலாகா வழியாகத் திருமணத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நம் ஊர்ப் பஞ்சாயத்தின் வேலையை இங்கே அரசாங்கமே செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைவரும் சில உறுப்பினர்களும் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள், சேர்த்துவைக்கப் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்குள் முடியாவிட்டால், சமரசம் ஆகவில்லை என்று சான்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சான்றோடுதான் உயர் நீதிமன்றப் படி ஏற முடியும்.

இப்போது உங்கள் டிக்கெட்டுக்கு வருகிறேன். தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்ற விதிக்குச் சட்டமே சில விலக்குகள் வைத்திருக்கிறது. எதிர்த்தரப்பு வெளிநாட்டில் இருக்கிறார், மனுப் போட்ட ஆறு மாதத்துக்குள் இங்கே வர வாய்ப்பில்லை என்பது அதில் ஒன்று. நீங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போனதும் அவள் அந்த விலக்குக்குள் வந்துவிடுகிறாள். புருஷன் தீர்ப்பாயத்தைத் தாண்டி நேராக மனுப் போடலாம். அவள் வாய் திறந்து பேச இருந்த முதல் இடம் போய்விடுகிறது. சம்மன் பட்டுக்கோட்டைக்கு வரும். பதில் சொல்ல இங்கே லாயர் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஒருதலையாகவே தீர்ப்பாகிவிடலாம்.

அந்தத் தீர்ப்பு நம் ஊரில் செல்லுமா என்பது அடுத்த சிக்கல். வெளிநாட்டு விவாகரத்தைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1991-இல் நரசிம்மராவ் – வெங்கடலட்சுமி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மற்றவர் மனமுவந்து அந்த நீதிமன்றத்துக்கு வராமல், வாதாடாமல், நம் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காகக் கொடுக்கப்பட்ட தீர்ப்பை இந்தியாவில் ஏற்க முடியாது என்றது. பெண்ணைக் காப்பாற்றச் சொன்னதுதான். ஆனாலும் இப்படி முடியலாம்: ஜொகூரில் அவன் தனிக்கட்டை, ஊரில் அவள் இன்னும் அவன் பெண்டாட்டி. நம் ஊர்க் கோர்ட்டில் அவளும் கேஸ் போடலாம்தான். ஜீவனாம்சம் என்று தீர்ப்பு வந்தாலும், இங்கே தம்போயில் வீடும் சிங்கப்பூரில் சம்பளமும் உள்ளவனிடம் அதை அங்கிருந்து எப்படி வசூலிப்பது?

இங்கே இருந்து வழக்கு நடத்தினால் வீடு, சேமிப்பு எல்லாம் நீதிமன்றத்தின் கணக்கில் வரும். சம்பாதித்தவன் பங்கு மட்டுமல்ல, குடும்பத்தைக் கவனித்துக்கொண்டவளின் உழைப்பும் எடைபோடப்படும். பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன் மேல் வாங்கிய ஜீவனாம்ச ஆணையை அங்கே அமல்படுத்தவும் சட்டத்தில் வழி உண்டு. ஏழு வயதுக்குள் உள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. மறுப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்குப் போனால் அந்தப் பலத்தை அவளே குறைத்துக்கொள்கிறாள். தூக்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பிள்ளையை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று தகப்பன் தடை வாங்க முடியும்.

வேலை பெர்மிட்டில் வந்த தம்பதி என்றால் கதை இன்னும் இறுக்கம். புருஷன் இந்த நாட்டை நிரந்தர வாழ்விடமாகக் கொள்ளாதவன் என்றால், மனைவி இங்கே இரண்டு வருடம் தொடர்ந்து குடியிருந்ததைக் காட்டித்தான் வழக்குப் போட முடியும். அவள் கிளம்பினால் அந்தக் கணக்கும் அறுந்துபோகும்.

அடி உதை என்றால் அந்த வீட்டில் இருக்கவே கூடாது. ஆனால் வீட்டை விட்டுப் போவது வேறு, நாட்டை விட்டுப் போவது வேறு. போலீஸில் புகார் கொடுக்கலாம். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். விசாவைப் பற்றிய உங்கள் பயமும் நியாயமானது. புருஷன் கையெழுத்தில் புதுப்பிக்கிற விசா அது. அதனால் முடிகிற தேதிக்கு முன்பே லாயரைக் கூட்டிக்கொண்டு குடிநுழைவுத் துறைக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக் கணவன் கைவிட்ட இந்தியப் பெண்களின் சட்டச் செலவுக்கு உதவ, தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கேட்கலாம்.

இனிமேல் பெண் கொடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று. ஜாதகம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே பதிவுச் சான்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மாப்பிள்ளை மலேசியக் குடிமகன் என்றால் மலேசியத் தரப்பிலும் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டிய போட்டோ மட்டும் இருந்தால் நீதிமன்றத்தில் முதல் கேள்விக்கே திணற வேண்டிவரும். வழக்கு முடிந்தவர்களுக்கு வேறு வரன் தேடும் அவசரமும் வேண்டாம். முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. வழக்கமாக மூன்று மாதம் கழித்து அது முழுமையான பிறகுதான் மறுமணம் செல்லும்.

கடைசியாக ஒன்று. தீர்ப்பாயத்தில் லாயர் வாதாட அனுமதி இல்லை. ஆனால் குடும்பத்து ஆள் ஒருவர் அவள் சார்பில் பேசலாம். நான் துணைக்குப் போனாலும் வாசலோடு நின்றுவிடுகிறேன், நான் சொந்தக்காரி இல்லை. எதிரே அவன் அக்காவும் மாமாவும் உட்கார்ந்திருக்கும்போது இவள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. சித்தப்பா, அத்தை, அண்ணன்மாரே, டிக்கெட் போடுங்கள், ஆனால் உங்கள் பெயரில் போடுங்கள். தீர்ப்பாயம் நாள் குறித்ததும் ஒருத்தராவது கிளம்பி வாருங்கள். தங்குவதற்கு என் வீடு இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்