50 புத்தகமா? ஒரு புத்தகமா?

புத்தாண்டு பிறந்தால் பலர் சபதம் செய்கிறார்கள். ஒருவர் சிகரெட்டை விடுகிறார். இன்னொருவர் அதிகாலையில் எழுகிறார். இப்போது மற்றொரு சபதமும் பரவி வருகிறது. "இந்த ஆண்டு 50 புத்தகம் படித்து முடிப்பேன்" என்பதே அது.

நல்ல சபதம்தான். சென்னையில் 1977 முதல் நடந்து வரும் புத்தகக் காட்சியில், பொங்கலை ஒட்டி மக்கள் பை நிறையப் புத்தகம் வாங்குகிறார்கள். வாங்கிய புத்தகம் அலமாரியில் தூங்காமல் இருக்க, ஒரு கணக்கு வேண்டியதுதான்.

ஆனால், புத்தகத்தை எண்ணலாம். படிப்பை எண்ண முடியுமா?

கடற்கரை வீடு

புதுச்சேரிக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது பிள்ளைச்சாவடி. மீனவர்கள் வாழும் ஊர். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்து வரும் இடம். அங்கே ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

தாய் மீன் விற்கிறாள். சிறு வயதில் பள்ளிக்கூடம் போகாதவள். பின்னால் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். மகன் கல்லூரியில் படிக்கிறான். 50 புத்தகம் என்பது அவன் செய்த சபதம்.

டிசம்பர் வந்துவிட்டது. 46 முடிந்தது. மீதி நாலு. என்ன செய்தான்? ஒல்லியான புத்தகமாகப் பார்த்துத் தேடினான். பாரதியார் எழுதிய "ஞானரதம்" கையில் கிடைத்தது. ஒரே மாலையில் முடித்தான். நோட்டில் 47 என்று எழுதினான்.

"என்னடா கதை அது?" என்று தாய் கேட்டாள்.

மகன் விழித்தான். "ஏதோ ஒரு ரதம், அம்மா. உலகம் உலகமாகப் போகிறது."

அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது!

ரதம் போன இடங்கள்

பாரதியார் 1908-ல், பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பிடிக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்தார். அப்போது இங்கே நடந்தது பிரெஞ்சு ஆட்சி. பத்து ஆண்டுகள் இங்கேயே இருந்தார். அந்தக் காலத்தில், 1910-ல் வெளிவந்ததுதான் "ஞானரதம்". தமிழ் உரைநடையில் வந்த மாயக் கற்பனைக் கதைகளில் அது முன்னோடி.

ரதத்தில் ஏறியவன் பல உலகங்களுக்குப் போகிறான். உபசாந்தி உலகம், கந்தர்வ உலகம், சத்திய உலகம், மண்ணுலகம், தர்ம உலகம் என்று பயணம் நீள்கிறது.

முதலில் வருவது உபசாந்தி உலகம். அங்கே கவலையே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. மனம் அதற்குள் நுழைய முடியாது. மனத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்த வாசலில் கொஞ்சம் நிற்க வேண்டும், யோசிக்க வேண்டும். கவலை போக வேண்டுமானால் மனமே போய்விட வேண்டுமா? மகன் நிற்கவில்லை. அவன் கண் நோட்டில் இருந்தது.

மறுநாள் அந்தப் பகுதியை அவன் தாய்க்கு உரக்கப் படித்துக் காட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். "இந்த அலை வீட்டைக் கொண்டுபோய்விடுமோ என்று நானும் தினம் கவலைப்படுகிறேன். அதற்காக மனசை விட்டுவிட முடியுமாடா? மனசே போன பிறகு சந்தோஷம் யாருக்கு?" என்று அவள் கேட்டால், அதுவல்லவா படிப்பு! 46 புத்தகமும் தராத கேள்வியை ஒரு பக்கம் தந்துவிட்டது.

மாயக் கதை பொய்யா?

"ரதம் பறக்கிறது, வேதாளம் பேசுகிறது. இதெல்லாம் பொய். இதைப் படித்து என்ன லாபம்?" என்று சிலர் கேட்பார்கள். கதையில் வரும் ரதம் பொய்தான். அதில் போனவனுக்கு வரும் ஆசையும் பயமும் பொய் அல்ல. வேறு உலகத்தைப் பார்த்துத் திரும்பியவனுக்குத்தான் தன் உலகத்தின் குறை தெரியும், நிறையும் தெரியும்.

இப்படிப்பட்ட கதைக்கு அவசரம் ஆகாது. "ஆயிரத்தொரு இரவுகள்" கதையில் வரும் பெண் என்ன செய்தாள்? ஒவ்வொரு இரவும் கதையைப் பாதியில் நிறுத்தினாள். மிச்சக் கதையைக் கேட்கும் ஆவலில் ராஜா அவளைக் கொல்லாமல் விட்டான். அவள் ஓட்டமாக ஓடி முடித்திருந்தால், கதையோடு உயிரும் முடிந்திருக்கும்!

எதை எண்ணலாம்?

அப்படியானால் சபதமே வேண்டாமா? வேண்டும். ஆனால் புத்தகத்தை எண்ணுவதைவிட, படித்த நாட்களை எண்ணலாம்.

தினம் பத்துப் பக்கம் படித்தால் ஆண்டுக்கு 3,650 பக்கம். 200 பக்கப் புத்தகம் என்றால் 18 ஆகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய் தினம் ஒரு பக்கம் படித்தால் 365 பக்கம். அது ஒன்றோ இரண்டோ புத்தகமாக இருக்கலாம். அதில் வெட்கம் என்ன? 50 முடித்தவனைவிட அவள் எந்த விதத்தில் குறைந்தவள்?

அந்த டிசம்பரில் மகனின் கணக்கு 47-லேயே நின்றுபோகலாம். நின்றால் நிற்கட்டும்! மிச்சமிருக்கும் உலகங்களைத் தாயும் மகனும் விளக்கடியில் உட்கார்ந்து, நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி வரட்டும்.

ஆண்டு முடிவில் "எத்தனை படித்தாய்?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். "எதைப் படித்தாய்? அந்தக் கதையைச் சொல், கேட்போம்" என்று கேளுங்கள்.