விமானத்தின் மூக்கில் வரைந்த படம் கைக்கடிகாரத்தில் வரலாமா?

விமானத்தின் முன்பக்கத்தை மூக்கு என்பார்கள். 2-வது உலகப் போரில் அமெரிக்க விமானிகள் அந்த மூக்கில் படம் வரைந்தார்கள். அழகிகள், மிருகங்கள், கேலிச் சித்திரங்கள் என்று எத்தனையோ படங்கள்!

இப்போது அந்தப் படங்களைப் பார்த்துக் கைக்கடிகாரம் செய்கிறார்கள். இது சரிதானா?

சுறாமீன் வாய்

1941-ம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் விமானிகள், தங்கள் பி-40 ரக விமானங்களில் சுறாமீன் வாயை வரைந்தார்கள். அதைப் பத்திரிகையில் பார்த்த அமெரிக்கத் தொண்டர் படையினரும் அப்படியே வரைந்துகொண்டார்கள். பர்மாவிலும் சீனாவிலும் ஜப்பானியரோடு போரிட்ட இவர்களுக்குப் "பறக்கும் புலிகள்" என்று பெயர். பெயரோ புலி, படமோ சுறா!

2019-ல் சுவிட்சர்லாந்தின் பிரைட்லிங் கம்பெனி, "கர்டிஸ் வார்ஹாக்" என்ற இந்த விமானத்தின் பெயரிலேயே கைக்கடிகாரம் வெளியிட்டது.

காதலியின் ஊர்

"மெம்பிஸ் பெல்" என்ற குண்டு வீச்சு விமானத்தின் மூக்கில் ஓர் அழகியின் படம் இருந்தது. விமானியின் காதலி மெம்பிஸ் நகரத்துப் பெண். அதனால் அந்தப் பெயர். 1943-ல் அதன் விமானிகள் 25 தாக்குதல்களை முடித்து உயிரோடு வீடு திரும்பினார்கள். திரும்பாமல் போனவர்கள் ஏராளம்.

நாளை இருப்போமா என்று தெரியாதவர்கள் வரைந்த படங்கள் இவை. வெறும் அலங்காரம் அல்ல.

நின்றுபோன கடிகாரம்

இன்னொரு மூக்கையும் மறக்கக்கூடாது. அதில் படம் இல்லை. பெயர் மட்டும் இருந்தது. "ஏனோலா கே" என்பது விமானியைப் பெற்ற தாயின் பெயர். அந்த விமானம்தான் 1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசியது. அப்போது காலை மணி 8-15. அதே நேரத்தில் நின்றுபோன கடிகாரம் அந்த ஊர் மியூசியத்தில் இருக்கிறது.

பெற்ற தாயின் பெயரைத் தாங்கிய விமானம், எத்தனை தாய்மார்களைப் பிள்ளைகளோடு அழித்துவிட்டது!

ஆகவே, படம் போடுவதைத் தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது எந்த விமானத்தின் படம், எந்த ஆண்டில் எங்கே பறந்தது என்பதைக் கடிகாரத்தின் பின்பக்கத்தில் பொறிக்க வேண்டும். "இது என்ன படம், அப்பா?" என்று குழந்தை கேட்கும். வீரத்தையும் சொல்லவேண்டும், அழிவையும் சொல்லவேண்டும். சொல்லத் தெரிந்தவர் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.