ரஃப் நோட்டைக் கிழிக்காதீர்கள்



வெள்ளிக்கிழமை பேத்தி அழுதுகொண்டே பள்ளியிலிருந்து வந்தாள். ஓவிய நோட்டில் அழித்து அழித்து யானை வரைந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் வேறு வரைந்து வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டிலோ, "வரையறதெல்லாம் பிறவியிலேயே வரணும், விடும்மா" என்று ஆறுதல்! இரண்டுமே தப்பு. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

லியோனார்டோ டா வின்சியை விடவா ஒரு பிறவிக் கலைஞர் வேண்டும்? 1490களில் மிலான் நகரத்து மடத்தின் உணவுக்கூடச் சுவரில் அவர் வரைந்த 'இறுதி இராவுணவு' ஓவியத்தை நீங்கள் காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். அதற்கு அவர் எழுதிய குறிப்பு ஒரு சின்ன நோட்டில் இருக்கிறது. இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இடக்கைக்காரர். வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்த்தால்தான் படிக்க வரும் எழுத்து. (கையெழுத்துக்கு நான் மார்க் போட்டிருந்தால் ஃபெயில்தான்.)

அதில் சீடர்களின் பெயர்கூடக் கிடையாது. ஒருவன் குடித்துக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டுத் திரும்புகிறான். ஒருவன் கைவிரல்களைப் பின்னிக்கொண்டு புருவம் நெரிக்கிறான். ஒருவன் உள்ளங்கைகளை விரித்து, தோளைக் காதுவரை தூக்குகிறான். கத்தி வைத்திருப்பவன் திரும்பும்போது கை பட்டுக் கோப்பை சாய்கிறது. எல்லாம் இப்படி 'ஒருவன்', 'இன்னொருவன்' என்றுதான். யார் யார் என்பதே பிறகுதான்!

இப்போது ஓவியத்தைப் பாருங்கள். குடித்தவன் காணோம். விரித்த கைகள் அந்திரேயாவுக்குப் போயின. கத்தி பேதுருவிடம். சாய்ந்த கோப்பையும் இல்லை. பழைய பிரதிகளில் யூதாஸின் கையருகே உப்புக் கிண்ணம்தான் கவிழ்ந்து கிடக்கிறது. மனதில் முழுசாக இருந்ததைச் சுவரில் இறக்கி வைக்கவில்லை அவர். எழுதி, தள்ளி, மாற்றித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்.

"சுத்தம் வேண்டாமா சார்?" என்பீர்கள். பரீட்சைத் தாளில் இருக்கட்டும். யோசிக்கிற நோட்டில் எதற்கு?

நானும் யோக்கியன் இல்லை. உங்களில் எத்தனை பேர் நோட்டில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, "மீண்டும் எழுதி வா" என்றிருக்கிறேன்! அடித்ததற்கு அடியில் என்ன இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மன்னியுங்கள்.

கசங்கிய பக்கத்தைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். தும்பிக்கை மூன்று இடத்தில் தெரிகிறது. மூன்றாவதுதான் சரியாக வளைந்திருக்கிறது. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு நானே பள்ளிக்குப் போகிறேன்.