பேரும் புகழும்

மகா சிவராத்திரி நாளில் எங்கள் காளவாசல் முக்கில் நிற்பதற்கும் இடமிராது. மதுரையில் எத்தனை குடும்பங்கள் உண்டோ அத்தனையும் அன்றைக்குத் தத்தம் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, பொங்கல் பானையும் பூமாலையும் கைக்குழந்தையுமாக, உசிலம்பட்டிப் பக்கமும் தேனிப் பக்கமும் செல்லும் பஸ்களைத் தேடி அங்கே வந்து கூடிவிடும். 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி, திங்கட்கிழமை, அத்தகையதொரு சிவராத்திரி நாளாயிருந்தது. இரண்டு பஸ்களில் ஏற முடியாமற்போய், மூன்றாவதற்குக் காத்திருக்கும் பொருட்டு, எனக்கு வெகுகாலமாகச் சட்டை தைத்துக் கொடுத்துவரும் தையற்கார பாயின் கடைப்படியில் ஏறி நின்றேன். உள்ளே, துணிகள் தொங்கும் கம்பிக்கு மேலே இருந்த சிறிய தொலைக்காட்சியில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஆஸ்கர் மேடையை அடிக்கொருதரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக இரண்டு விருதுகளைப் பெற்றிருந்த ஏ.ஆர்.ரகுமான், உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த அந்த மேடையிலே, தமிழில் நான்கைந்து நொடிகள் பேசினார்: ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே.’

மிஷினின் மிதி சட்டென்று நின்றுவிட்டது. பாய் ஊசியின் கீழிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “சார், எங்க அத்தா சோறு தின்னுட்டுக் கை கழுவும்போது சொல்ற வார்த்தை சார் இது. இத்தனை வருஷமா வீட்டுக்குள்ளயே கேட்ட வார்த்தை” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

அந்த ஒரு வாக்கியம் தமிழ்நாட்டில் பிற்பாடு எத்தனை பிரசித்தமாயிற்று என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அது தமிழ் முஸ்லிம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக, நல்லது நடந்தபோதெல்லாம் பெரியவர்கள் சொல்லிவந்த சொல் என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே. அடுத்த தெருவில் அன்றாடம் ஒலித்த தமிழ், பூமியை அரைச்சுற்றுச் சுற்றி, ஆஸ்கர் மேடை வழியாக நம்மிடம் வந்து சேர வேண்டியிருந்தது. அதே விழாவில், அதே படத்தின் ஒலிக்கலவைக்காக விருது பெற்றவர்களில் ஒருவரான கேரளத்து ரசூல் பூக்குட்டி, ‘ஓம்’ என்னும் சொல்லையும், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் மௌனத்தையும் உலகுக்குத் தந்த நாட்டிலிருந்து தாம் வருவதாகச் சொல்லி, விருதைத் தம் தேசத்துக்குச் சமர்ப்பித்தார். வெளியே ஜனங்கள் சிவராத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் அதைக் கேட்ட எனக்கு, இந்தத் தேசம் இன்னதென்று யாரோ அருகில் நின்று எடுத்துச் சொன்னது போலிருந்தது.

பட விருதுகளின் சரித்திரத்தில் முஸ்லிம் கலைஞர்களுக்கு இடமில்லாமற் போயிற்று என்று ஒருவரும் சொல்ல முடியாது. 1954இல் பம்பாயில் முதன்முதலாக நடந்த ஃபிலிம்ஃபேர் விருது விழாவில் கொடுக்கப்பட்டவை ஐந்தே விருதுகள். அவற்றில் மூன்று, ‘தாக்’ படத்துக்காகத் திலீப் குமாருக்கும், ‘பைஜு பாவ்ரா’ படத்துக்காக மீனா குமாரிக்கும் நௌஷாதுக்கும் கிடைத்தன. மூவரும் முஸ்லிம்கள். ஆனால் மூவரில் நௌஷாத் ஒருவரே பெற்றோர் இட்ட பெயரோடு அந்த விருதைப் பெற்றார். மீனா குமாரியின் பெயர் மஹ்ஜபீன். திலீப் குமாரின் பெயர் யூசுப் கான். 1944இல் ‘ஜ்வார் பாட்டா’ வெளிவந்தபோது, பம்பாய் டாக்கீஸை நடத்திவந்த தேவிகா ராணியின் யோசனைப்படி சூட்டப்பட்ட திரைப்பெயரே பிற்காலத்தில் எட்டு முறை சிறந்த நடிகர் விருதையும், 1994ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகேப் பால்கே விருதையும் ஏற்றது. காரணங்கள் பல இருக்கலாம். சினிமாவை விரும்பாத தந்தையின் கோபத்துக்கு அஞ்சியதும் அவற்றுள் ஒன்று. எனினும், மகன் பெற்ற விருதில் தந்தை வைத்த பெயர் இல்லையென்பது என் மனத்தில் இன்றும் உறுத்துகிற விஷயம்.

யூசுப் கான் என்றதும் காளவாசல்காரர்களுக்கு நினைவில் எழுபவர் வேறொருவர். மருதநாயகமாகப் பிறந்து யூசுப் கானாக மதுரையை ஆண்டு, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட அந்த வீரர் அடங்கிய கான்சாகிப் பள்ளிவாசல், எங்கள் முக்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. இரண்டு பெயர்களில் எதைச் சொன்னாலும் இவ்வூரார் அவரை அறிந்துகொள்வார்கள். ரகுமானுடைய வாழ்க்கையும் ஏறக்குறைய அவ்விதமே. திலீப் குமார் என்று பிறந்தவர் அவர். தம்முடைய முதற்படமான ‘ரோஜா’வில் புதிய பெயரே வரவேண்டுமென்று தாயார் விரும்பியதன்பேரில் ஏ.ஆர்.ரகுமான் என்று அறிமுகமானவர். அந்தப் பெயருக்கே முதற்படத்தில் தேசிய விருது வந்தது. அதன்பின் ஆறு தேசிய விருதுகளும் வந்தன. ஒரு யூசுப் திலீப் குமாராகிப் புகழ் பெற்றதற்கும், ஒரு திலீப் குமார் ரகுமானாகிப் புகழ் பெற்றதற்கும் இடையே ஓர் அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

அந்த இடைக்காலத்தை ஒரு பெண் தனியாளாக நின்று கடந்தார் என்பதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்வேன். ஏனெனில் அவர் நம் செங்கற்பட்டில் பிறந்தவர். சென்னையில் பரதநாட்டியம் பயின்று, ‘காலம் மாறிப்போச்சு’, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஆகிய தமிழ்ப் படங்களில் ஆடிய வஹீதா ரஹ்மான், இருபது வயதும் நிரம்பாத பருவத்தில், ‘சி.ஐ.டி.’ படத்துக்காகப் பம்பாய்க்குப் போனார். பெயர் நீளமாயிருக்கிறது, மாற்றிக்கொள் என்றார்கள். திலீப் குமாரும் மீனா குமாரியும் மாற்றிக்கொள்ளவில்லையா என்றும் கேட்டார்கள். என் தாய் தந்தையர் வைத்த பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது, மாற்றமாட்டேன் என்று அந்தச் சிறுபெண் மறுத்துவிட்டார். அந்த நீளமான பெயரே ‘கைடு’ படத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருதையும், ‘ரேஷ்மா அவுர் ஷேரா’வுக்கான தேசிய விருதையும் பெற்று, 2023இல் தாதாசாகேப் பால்கே விருதுப் பட்டயத்திலும் பொறிக்கப்பட்டது.

கலைக்கு மதமேது, விருதுப் பட்டியலில் மதத்தைத் தேடுவானேன் என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய எண்ணம் நல்லெண்ணமே. ஆனால், பெயரை மறைத்தாலன்றி ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று ஒருவரேனும் அஞ்ச நேர்ந்த இடத்தில், மதத்தை நாம் முன்னமே கணக்கில் எடுத்துவிட்டோமல்லவா? 2017இல் ‘மூன்லைட்’ படத்துக்காக மஹெர்ஷலா அலி விருது பெற்றபோது, நடிப்புக்கு ஆஸ்கர் பெற்ற முதல் முஸ்லிம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த விருதுகள் தோன்றி எண்பத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகே அப்படி எழுத நேர்ந்தது. நம் திரையிலோ, முஸ்லிம் பாத்திரம் என்றால் பெரும்பாலும் வெடிகுண்டு வைக்கிறவனாகவும், அல்லது கதாநாயகனுக்காக உயிரை விடுகிற நண்பனாகவும் வந்துபோவதே வழக்கமாகிவிட்டது. மிஷின் மிதிக்கிறவராகவோ, மகள் கலியாணத்துக்குச் சீட்டுப் பிடிக்கிறவராகவோ அவர் வருவது அபூர்வம்.

இந்த வழக்கத்துக்கு நேர்மாறான ஒரு காட்சியை எங்கள் மதுரையே காட்டியிருக்கிறது. மதுரைக்காரரான அமீர் எடுத்து 2007 பிப்ரவரியில் வெளிவந்த ‘பருத்திவீரன்’, தொடக்கத்திலேயே ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாவுக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. கரகமும் கொட்டும் புழுதியும் வெயிலுமாக விரியும் அந்தத் திருவிழாவை, துண்டு துண்டாக வெட்டி, ஒட்டு எங்கே விழுந்ததென்று தெரியாதபடி ஒன்றாகக் கோத்தவர் ராஜா முகமது. 2006ஆம் ஆண்டுக்குரிய 54ஆவது தேசிய விருதுகளில், அந்தப் படத்துக்காகப் பிரியாமணி சிறந்த நடிகையாகவும், ராஜா முகமது சிறந்த படத்தொகுப்பாளராகவும் கௌரவிக்கப்பட்டார்கள். எங்கள் குலதெய்வக் கோயில் மண்ணை இத்தனை நெருக்கமாகக் காட்டியவர்கள் யாரென்று பார்த்தால், ஓர் அமீரும் ஒரு ராஜா முகமதுவும். அதில் ஆச்சரியப்படுவதற்கு எதுவுமில்லை. அந்த மண் அவர்களுக்கும் சொந்த மண்.

பிரியாமணியின் பெயரை மதுரையில் எந்தக் குழந்தையும் சொல்லும். படத்தொகுப்பாளரின் பெயரைச் சொல்லுகிறவர்கள் மிகச் சிலர். சென்ற வாரம் சட்டை வாங்கப் போனபோது பாயிடம் இதைச் சொன்னேன். அவர் தைத்து முடித்த சட்டையின் கழுத்துப்பட்டிக்கு உட்புறத்தில், கடைப்பெயர் நெய்த சிறு துணிச்சீட்டை வைத்துத் தைத்துக்கொண்டே, “நல்லா வெட்டுனா வெட்டுனதே தெரியாது சார். அதான் பேரை உள்ளயாவது வச்சுத் தைக்கிறோம்” என்றார்.

அந்தச் சொல் என்னைக் குற்றவாளியாக நிறுத்திற்று. கொட்டகையில் விளக்கணைந்து திரையில் பெயர்கள் ஓடுகிற நேரத்தில்தான் நாம் நாற்காலி தேடுகிறோம், முறுக்கு வாங்குகிறோம், பேசுகிறோம். இனி அவ்விதம் செய்வதில்லையென்று நான் தீர்மானித்திருக்கிறேன். புகழ் யாரைச் சேரும் என்பதை ரகுமான் அன்றே சொல்லிவிட்டார். பெயர் அவரவருடையது, அதை முழுதாக வாசித்துவிட்டு உட்காருவதே பார்க்கிற நாம் தரக்கூடிய விருது.