டிரைவர் இல்லாவிட்டால் பிரிண்டர் செத்துவிடுமா?

மொத்த மருந்துக் கடைகளிலும் லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் ஒரு தீர்ப்பு சர்வசாதாரணமாக வழங்கப்படுகிறது. புது கம்ப்யூட்டர் வாங்கி, பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை அதில் மாட்டுவார்கள். டிரைவர் கிடைக்காது; கிடைத்தாலும் ஒத்துவராது. "இதுக்கு இனிமே சப்போர்ட் இல்ல சார், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார் சர்வீஸுக்கு வந்தவர். கடைக்காரரும் நம்பிவிடுவார். டிரைவர்தான் பிரிண்டருக்கு உயிர், கட்டளை அடித்து ஃபைல் அனுப்புவது டாஸ் காலத்தோடு போன வித்தை என்ற எண்ணம் அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. இது தவறு. நன்றாக ஓடும் இயந்திரங்களைக் காயலான் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தவறு.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குள் எழுத்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. 65 என்ற எண் போனால் ஆங்கில 'ஏ' விழும். 12 போனால் தாள் அடுத்த பக்கத்துக்கு நகரும். 15 போனால் எழுத்து ஒடுங்கும். 27, 69 என்று அடுத்தடுத்துப் போனால் எழுத்து தடிக்கும். எப்சன் வகுத்த இந்த முறையை மற்ற கம்பெனிகளும் பின்பற்றின. இன்றைய பில் போடும் தெர்மல் பிரிண்டரும் இதே வம்சம்தான். காகிதத்தை வெட்டுவதற்கும் கல்லாப்பெட்டியைத் திறப்பதற்கும் அதற்கு இப்படிச் சில எண்கள் போதும். செத்துப்போனதாகச் சொல்லப்படும் வித்தை சூப்பர் மார்க்கெட்டில் தினமும் வேலை செய்கிறது.

டிரைவர் என்ன செய்கிறது? பெரும்பாலும் பில்லைப் படமாக மாற்றி அனுப்புகிறது. சொந்த எழுத்து கைவசம் இருக்கும் இயந்திரம் ஒவ்வொரு வரியையும் புள்ளி புள்ளியாக வரைந்து திணறுகிறது. "டாட் மேட்ரிக்ஸ்னாலே ஸ்லோ" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. பில் ஃபைலை 'காப்பி' கட்டளையால் நேரே பிரிண்டர் போர்ட்டான எல்பிடி1-க்கு அனுப்பிப் பாருங்கள். கார்பன் வைத்த மூன்று தாளும் ஒரே அடியில் சடசடவென்று வந்து விழும். எந்த லேசர் பிரிண்டராலும் இப்படிக் கார்பன் பிரதி எடுக்க முடியாது.

அந்தக் கட்டளையோடு '/பி' என்று சேர்க்க வேண்டும். கட்டளை முறையின் மேல் விழுந்த பழியில் பெரும்பகுதி அது விடுபட்டதால் வந்தது. அது இல்லாவிட்டால் 26 என்ற எண்ணைக் கண்டதும் ஃபைல் முடிந்துவிட்டது என்று 'காப்பி' நின்றுவிடும். ஆங்கில பில்லில் 26 வராது, தொல்லையில்லை. தமிழ் அப்படியல்ல. இந்த பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து கிடையாது. கடைப் பெயரைத் தமிழில் போட வேண்டுமென்றால் புள்ளிகளாகத்தான் அனுப்பியாக வேண்டும். அந்தப் புள்ளிக் கணக்கில் 26 எங்கு வேண்டுமானாலும் வரும். பெயர் பாதியில் அறுந்துபோகும். இத்தனை பத்திப் புள்ளிகள் வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிரிண்டர், மீதிக்காகக் காத்திருந்து, அடுத்த பில்லின் எழுத்துகளையே புள்ளிகளாக எடுத்துக் கிறுக்கித் தள்ளும். பார்ப்பவர் "போர்டு போச்சு" என்பார். போர்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

சீரியல் பிரிண்டருக்கும் இதே கதிதான். பிரிண்டர் 9600 வேகத்தில் கேட்க, கம்ப்யூட்டர் வேறு வேகத்தில் அனுப்பினால் வருவது குப்பைதான். 'மோட்' கட்டளையில் வேகத்தைச் சரியாகக் கொடுத்தால் தீர்ந்தது. நீள பில்லில் நடுவே எழுத்துகள் காணாமல் போனால் கேபிளைப் பார்க்க வேண்டும். மூன்றே கம்பி கொண்ட மலிவுக் கேபிளில், "பொறு, என் நினைவகம் நிரம்பிவிட்டது" என்று பிரிண்டர் சைகை காட்டும் கம்பி இருக்காது.

புதுக் கம்ப்யூட்டரில் எல்பிடி1 போர்ட்டே இல்லையே என்பார்கள். பிரிண்டரை யூஎஸ்பி-யில் மாட்டி, விண்டோஸோடு வரும் 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' என்ற பொது டிரைவரைப் போட்டு ஷேர் செய்து, அந்த ஷேர் பெயருக்கே 'காப்பி /பி' அடிக்கலாம். 'நெட் யூஸ்' கட்டளையால் அதற்கு எல்பிடி1 என்றே பெயர் சூட்டிவிட்டால் பழைய பில்லிங் சாஃப்ட்வேரும் மறுபேச்சில்லாமல் வேலை செய்யும். லினக்ஸில் 'எல்பி' கட்டளையோடு 'ரா' என்று குறிப்பிட்டால் போதும்.

எல்லா பிரிண்டருக்கும் இது பொருந்தாது. மலிவு லேசர்களில் பலவற்றுக்குச் சொந்த எழுத்தோ கட்டளை அறிவோ கிடையாது. டிரைவர் இல்லாமல் அவை நகராது. ஆனால் அந்தக் குறையை எல்லா பிரிண்டருக்கும் பொதுவிதியாக்குவது அநியாயம். கம்பெனி டிரைவரை நம்பியிருப்பதும் நிரந்தரமல்ல: கம்பெனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட்டே 2023-இல் அறிவித்துவிட்டது.

அடுத்த முறை "சப்போர்ட் இல்ல" என்று யாராவது சொன்னால், லைன் ஃபீட் பட்டனை அழுத்தியபடி பிரிண்டரை ஆன் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான டாட் மேட்ரிக்ஸ்கள் தாமாகவே ஒரு சோதனைப் பக்கம் அடிக்கும். அது சரியாக வந்தால், பத்து வரி டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றைக் கட்டளையால் அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் வந்துவிட்டால், புது பிரிண்டருக்கான கொட்டேஷனை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.